முதல் டோனட் டெல்மருக்கு

அமெரிக்காவில் கெட்டில் க்ரீக் என்கிற சின்ன ஊரில் ரொவீனா கடையின் முதல் டோனட் டெல்மருக்குத்தான். பொரிக்கிற பெரிய ஃப்ரையரிலிருந்து அன்றைக்கு முதலில் வெளிவருவதைக் கம்பியால் தூக்கி, சர்க்கரைப் பாகில் ஒரு முக்கு முக்கி, காகிதத்தில் வைத்து கவுண்டர் மேல் தள்ளுவாள். டெல்மர் தொப்பியைக் கழற்றுவான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் காப்பிக் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு அவன் தாடையைப் பார்ப்பார்கள். அவன் தலையை ஆட்டின பிறகுதான் ரொவீனா ஜன்னல் பலகையைத் திருப்பி, கடை திறந்துவிட்டது என்று ஊருக்குக் காட்டுவாள்.

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஆனால் அதற்கு ஒரு அவசியமும் இருந்தது. ரொவீனாவுக்குச் சர்க்கரை வியாதி. தான் சுடுவதைத் தானே தின்ன முடியாது. பாதி ஆயுளை எண்ணெய்ப் புகையிலேயே கழித்த மூக்கு, கடைக்குள் எந்த வாசனையையும் பிடிக்காது. "என் நாக்கு டெல் வாயில இருக்கு" என்பாள். ஒரு தடவை மாவில் ஜாதிக்காய் போட மறந்திருந்தாள். ஒரே கடியில் டெல்மர் கண்ணைத் திறந்து, "ரோ, இன்னைக்கு ஏதோ ஊருக்குப் போயிருக்கு" என்றான். அன்று சுட்டதையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி மாவு பிசைந்தாள். அந்தக் கதையை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, அவன் பேர் பக்கத்து ஊர்கள் வரைக்கும் போனது.

அவனுக்கும் டோனட் என்றால் உயிர். குளிர்காலத்தில் மாவட்டத்து ரோட்டில் பனி தள்ளுகிற லாரி ஓட்டுகிறவன். லாரிக் கண்ணாடியில் தொங்குவது ரப்பர் டோனட். காலில் டோனட் போட்ட காலுறை. சாவிக்கொத்து, காப்பிக் கோப்பை, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குகிற பொம்மை எல்லாம் அதேதான். யாராவது அவனுக்குப் பரிசு வாங்க வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம். டிவியில் எந்தத் துப்பறியும் தொடரில் எந்தப் போலீஸ்காரன் டோனட் பெட்டியைத் திறந்தாலும், "நிறுத்து நிறுத்து, அது நேத்து சுட்டது, பாரு, பாகு வெடிச்சிருக்கு" என்று கத்துவான். அவன் மனைவி லவோன், "கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரியணும், டெல். டோனட்டை அப்புறம் விசாரிக்கலாம்" என்பாள். ஃபேஸ்புக்கில் 'நடுவில் ஓட்டை' என்று அவன் நடத்துகிற பக்கத்தில் ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். தினமும் காலையில் ஒரு படம், நாலு வரி. அதைப் படித்துவிட்டுத்தான் நிறையப் பேர் கடைக்குக் கிளம்புவார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஜனவரியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதல் நாள் அவன் நம்பவில்லை. சளி என்று நினைத்தான். ரொவீனா நீட்டிய டோனட்டைக் கடித்தான். இனிப்பு தெரிந்தது. சூடு தெரிந்தது. பல்லில் பாகு உடைவது கேட்டது. அவ்வளவுதான். வெனிலா இல்லை, ஜாதிக்காய் இல்லை, மாவு புளித்த அந்த மெல்லிய வாசம் இல்லை. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழக்கதோஷத்தில் தலையை ஆட்டிவிட்டான்.

நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தான். ஆகவில்லை. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். வீட்டில் லவோனிடம் மட்டும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "ரொவீனாகிட்ட சொல்லிடு" என்றாள்.

"சொல்றேன். கொஞ்ச நாள் பாக்கலாம்."

"அவ உன்னை நம்பித்தான் கடையைத் திறக்கிறா."

"முப்பது வருஷமா சுடுறா லவோன். அவளுக்கு என் தலையாட்டல் எதுக்கு? சும்மா ஒரு வேடிக்கைக்குத்தானே."

லவோன் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தத் தலையாட்டல் யாருக்குத் தேவை என்று அவளுக்குத் தெரியும். லாரி ஓட்டுகிற டெல்மரை ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கவுண்டரில் கண்ணை மூடிய டெல்மருக்காக ஒரு கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

பிப்ரவரி போனது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, தவக்காலம், வந்தது. இறைச்சி கூடாத வெள்ளிக்கிழமை தோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் மீன் பொரிப்பார்கள். ஊரே அங்கே போய் வரிசையில் நிற்கும். அதற்குப் பொறுப்பு ஆர்லன். தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், டெல்மருக்கு அடுத்த ஸ்டூலில் உட்காருகிறவன், வாயைத் திறந்தால் கிண்டல்தான். தவக்காலம் தொடங்கிய வாரமே சர்ச் ஃப்ரையர் உயிரை விட்டது. ஆர்லன் கவுண்டரில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உதிரி பாகம் வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகுமாம். பசியில இருக்கிற கத்தோலிக்கனை நீ பாத்திருக்கியா ரோ? என்னையே மாவுல முக்கிப் போட்ருவாங்க."

"பெரிய ஃப்ரையரை எடுத்துட்டுப் போ. நான் சின்னதுல சமாளிச்சுக்கறேன்" என்றாள் ரொவீனா.

இரண்டு வாரம் கழித்து ஆர்லனும் சர்ச் ஆட்களும் ஃப்ரையரைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். வெளியே கண்ணாடி மாதிரி துடைத்திருந்தார்கள். உள்ளே விளிம்பு வரைக்கும் வனஸ்பதி, வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. அந்தப் பக்கத்தில் இரவல் வாங்கின பாத்திரத்தை யாரும் காலியாகத் திருப்பித் தருவதில்லை. கேக்கோடு போன தட்டு பிஸ்கட்டோடு திரும்பி வரும். ரொவீனா சந்தோஷப்பட்டாள். "புதுசாவே நிரப்பிக் குடுத்திருக்கானே, இந்தக் கஞ்சன்" என்று சிரித்துக்கொண்டு அடுப்பை மூட்டினாள். டோனட் கடையில் கொழுப்பைச் சட்டென்று அடியோடு மாற்ற மாட்டார்கள். குறையக் குறைய மேலே புதுசு சேர்த்துக்கொண்டே போவார்கள். அவளும் அப்படியே செய்தாள்.

அது புதுசு இல்லை. முந்தின வெள்ளிக்கிழமை மீன் பொரித்ததை ஆர்லன் மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டி நிரப்பியிருந்தான். நல்ல கொழுப்பை வீணாக்குவானேன் என்று நினைத்தான். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு அதைச் சொல்லிக் காட்டுவது அவனுக்குப் பழக்கமில்லை. அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் முதல் டோனட் டெல்மருக்கு முன்னால் வந்தது. கண்ணை மூடினான். கடித்தான். இனிப்பு, சூடு, பஞ்சு.

தலையை ஆட்டினான்.

நம் ஊரில் மீன் வறுத்த எண்ணெயில் அதிரசம் சுட்டால் முதல் வாயிலேயே தட்டு பறக்கும். கெட்டில் க்ரீக் ஆட்கள் அப்படி இல்லை. ஒருத்தர் வீட்டுச் சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். ரொம்ப மோசமாக இருந்தால் மட்டும், "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வசவு அந்த ஊரில் கிடையாது.

அந்த வாரம் நிறையப் பேர் வித்தியாசமாக இருக்கிறது என்றார்கள். பாதி தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றி, "வீட்டுல போய்ச் சாப்பிடறேன்" என்றார்கள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, டஜன் வாங்குகிறவள், காப்பி மட்டும் வாங்கிப் போனாள். பத்து மணிக்குள் காலியாகிற தட்டு மதியம் வரைக்கும் நிறைந்தே கிடந்தது.

ஒரு நாள் காலை ரொவீனா மாவுக் கையோடு வந்து டெல்மர் எதிரே நின்றாள்.

"டெல், ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. யாவாரம் படுத்துடுச்சு. ருசியில ஏதாச்சும் மாறியிருக்கா?"

அவன் கையில் கடித்த டோனட் இருந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. ரோ, எனக்கு எதுவும் தெரியலை, ஜனவரியில இருந்தே தெரியலை என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆர்லன் இருந்தான். அந்தப் பக்கம் இன்னும் நாலு பேர். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"மாறியிருக்கு" என்றான் டெல்மர். "முன்னைவிட நல்லா இருக்கு. நீ சுட்டதுலயே இதான் பெஸ்ட்டு."

ஆர்லன் தன் கையிலிருந்த பாதியை ஒரு தடவை பார்த்தான். மறுபடி டெல்மரைப் பார்த்தான். பிறகு மீதியை வாயில் போட்டுக்கொண்டான்.

"தவக்காலம்ல" என்றான் டெல்மர். "பாதிப் பேர் இனிப்பை விட்டிருப்பாங்க. ஈஸ்டர் முடியட்டும், பாரு."

ரொவீனாவுக்கு முகம் தெளிந்தது. சொன்னதை மெய்யாக்கவோ என்னவோ, அன்று ராத்திரி தன் ஃபேஸ்புக் பக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதினான். ரொவீனா கடை டோனட் இப்போது உச்சத்தில் இருக்கிறது, அது பிடிக்கவில்லை என்கிறவர்கள் முதலில் தங்கள் நாக்கை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எழுதினான். கீழே நிறைய இதயங்கள் விழுந்தன. அதற்குப் பிறகு 'வித்தியாசமாக இருக்கிறது' என்று சொல்வதையும் ஊர் நிறுத்திவிட்டது. டெல்மரே சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? ஒவ்வொருவரும் கோளாறு தன் நாக்கில்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை ஆர்லன் மகள் கிரெட்டாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிகாகோ. கிரெட்டா சின்ன வயதிலிருந்து ரொவீனா கடையில் வளர்ந்தவள். கல்யாணத்தில் டோனட் சுவர் வேண்டும் என்று கேட்டாள். இப்போதெல்லாம் கேக்குக்குப் பதில் அதுதானே. ஆர்லன் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை செய்து, வெள்ளையடித்து, வரிசையாக மரமுளை அடித்தான். ஒவ்வொரு முளையிலும் ஒரு டோனட் தொங்க வேண்டும். ரொவீனாவுக்கு அது வெறும் ஆர்டர் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் சிகாகோவில் மூன்று காப்பிக் கடை வைத்திருந்தார்கள். நன்றாக இருந்தால் வாரா வாரம் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஓய்ந்து கிடக்கிற கடைக்கு அது நடந்தால் போதும்.

கல்யாணத்தன்று காலை கடையில் மூன்று பேர்தான். ரொவீனா முதல் டோனட்டை வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"இன்னைக்கு வேடிக்கை வேண்டாம், டெல். நம்ம கிரெட்டா கல்யாணம். நிதானமாக் கடிச்சுச் சொல்லு. சரியில்லைன்னா இப்பவும் நேரமிருக்கு, எல்லாத்தையும் மாத்திடறேன்."

டோனட் போட்ட கழுத்துப்பட்டையை அவன் அன்று கட்டியிருந்தான். ஆர்லன், மகளைப் பெற்றவன் முகத்தோடு, அவனைப் பார்த்தான். எப்போதும் கிண்டல் ஆடுகிற முகத்தில் அன்று கிண்டல் இல்லை.

"சொல்லுடா. நல்லா இருக்குல்ல? நீ சொன்னா சரி."

டெல்மர் கண்ணை மூடினான். ரொம்ப நேரம் மென்றான். இப்போதாவது ஒரு துளி வாசம் வந்துவிடாதா என்று மூக்கால் உறிஞ்சினான். ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் சொல்லாததை இன்றைக்குப் போய் எப்படிச் சொல்வது? சொன்னால் முதல் கேள்வி, அப்போ இத்தனை நாள்? என்றுதான் வரும்.

தலையை ஆட்டினான்.

கல்யாண விருந்து தீயணைப்பு நிலைய ஹாலில். மேசையில் சீஸ், ஹாம், புகை போட்ட மீன், உருளைக்கிழங்கு சாலட். மூலையில் டோனட் சுவர், பாகு மின்ன மின்ன. யாரும் சொல்லாமலே டெல்மர் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். சிகாகோக்காரர்களுக்கு விளக்கம் சொன்னான். எந்தப் படத்தில் எந்தப் போலீஸ்காரன் எப்படித் தின்பான் என்று நடித்துக் காட்டினான். சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார்கள். தின்றவர்கள் குறைவு. அதை அவன் பார்த்தான். பார்த்தும் பேசிக்கொண்டே இருந்தான்.

மாப்பிள்ளையின் அத்தை கார்மெலா வந்தாள். குட்டையான, சத்தமான அம்மாள். ஒன்றை முளையிலிருந்து எடுத்து ஒரு கடி கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். காகிதத் துண்டை எடுத்து வாயில் வைத்துத் துப்பினாள்.

"ஏங்க, இது என்ன மீன் நாத்தம் அடிக்குது?"

சிகாகோவில் அது சாதாரணப் பேச்சு. கெட்டில் க்ரீக்கில் நடு ஹாலில் பட்டாசு வெடித்த மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

"மீனா?" என்று டெல்மர் சிரித்தான். "அம்மா, நீங்க பெரிய ஊர்க்காரங்க. நல்ல டோனட் தின்னு பழக்கமில்ல. அதான்." சொல்லிவிட்டு ஒன்றை எடுத்தான், கண்ணை மூடினான், கடித்தான். "பிரமாதம்."

யாரோ இரண்டு பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு ரொவீனா சமையலறையிலிருந்து வந்தாள். "என்னங்க விஷயம்?"

"மீன் வாசம் வருதுங்க. பொய் சொல்லணும்னு எனக்கென்ன?"

ரொவீனா டெல்மரைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். அவள் நிமிர்ந்து நின்றாள். "இவன் நல்லா இருக்குன்னு சொன்னா நல்லா இருக்கு. இந்த நாக்கை நம்பித்தான் நான் கடை நடத்தறேன். தப்பா நினைக்காதீங்க, இவனைவிட உங்களுக்கு டோனட் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல."

கார்மெலாவுக்கு முகம் சிவந்தது. டெல்மரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் போய் எதையோ முள்கரண்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சரி, அவ்வளவு பெரிய ஆளா இருந்தா கண்ணை மூடுங்க. கடிக்க வேண்டாம். மூக்குக்கிட்ட வெக்கறேன். என்ன வாசம்னு சொல்லுங்க, போதும்."

கண்ணை மூடுவது அவனுக்குப் பழகின வேலை. மூடினான். ஏதோ மூக்குக்குக் கிட்டே வந்தது. ஹால் முழுக்க மூச்சு விடுவது கேட்டது. அவன் உள்ளே இழுத்தான். பாகு டோனட்டைத்தான் காட்டுவாள், வேறெதைக் காட்டப் போகிறாள் என்று நினைத்தான்.

"வெனிலா" என்றான். "பின்னாடி லேசா ஜாதிக்காய். ரொவீனாவோட கையெழுத்து அது."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டெல்மர் கண்ணைத் திறந்தான்.

முள்கரண்டியின் நுனியில் புகை போட்ட மீன் துண்டு. தோலோடு, எண்ணெய் சொட்டிக்கொண்டு, அவன் மூக்கிலிருந்து ஒரு விரல் தூரத்தில்.

கார்மெலா அதைத் தாழ்த்தினாள். அவள் குரல் மாறிவிட்டது. "ஐயோ. எவ்வளவு நாளா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு. அடுப்புல கேஸ் கசிஞ்சாக்கூடத் தெரியாது அவருக்கு."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த இரக்கம் அவனை நிற்க விடவில்லை. கழுத்துப்பட்டையிலிருந்த டோனட்டுகள் ஒவ்வொன்றும் பளீரென்று தெரிகிற மாதிரி இருந்தது.

"ஜனவரி" என்றான்.

ரொவீனா அவனுக்கு நேர் எதிரே நின்றாள். அவள் கத்தவில்லை. "அப்ப நான் உன்கிட்டக் கேட்டேனே. மாவுக் கையோட வந்து நின்னு கேட்டேனே. அப்ப?"

அவன் கடித்த டோனட்டைக் காகிதத்தில் சுற்றினான்.

"இன்னைக்குக் காலையில?"

ஆர்லன் சுவரிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. "ரோ. ஃப்ரையரைக் காலியா எப்படித் தர்றதுன்னு... அது புதுசு இல்ல. மீன் பொரிச்சதை வடிகட்டித்தான் ஊத்திக் குடுத்தேன். தவக்காலம் பூரா மீன் பொரிச்ச மூக்கு, எனக்குத்தான் எல்லாத்துலயும் மீன் வாசம் வருதுன்னு நினைச்சேன். இவன் நல்லா இருக்குன்னு சொன்னானே." கடைசி வார்த்தை உடைந்துவிட்டது. "என் பொண்ணு கல்யாணம்டா, டெல்."

"எங்களுக்கும் வந்துச்சு" என்றாள் பள்ளிக்கூட ஆசிரியை, தரையைப் பார்த்துக்கொண்டே. "நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்."

ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ரொவீனாவுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சுவர் பக்கம் திரும்பி, முளையிலிருந்து டோனட்டுகளை ஒன்றொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். கல்யாண உடையோடு கிரெட்டா வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். டெல்மர் உதவிக்கு ஒரு கையை நீட்டினான். ரொவீனா அந்தக் கைக்குப் பக்கத்து முளையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அவன் கையை இறக்கிக்கொண்டான்.

லவோன் வந்து அவன் கோட்டைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். வண்டியில் ஏறின பிறகுகூட அவள், நான் சொன்னேன்ல என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை டெல்மர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினான். எனக்கு ஜனவரியிலிருந்து மணமும் ருசியும் இல்லை, அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் பொய், ரொவீனாவும் ஆர்லனும் என்னை நம்பினார்கள், தப்பு என்னுடையது. எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். நாலு பேர் நன்றாகத் திட்டினால் கொஞ்சம் லேசாகும் போல இருந்தது. இதயங்கள்தான் வந்தன. 'பரவாயில்லை டெல்', 'சீக்கிரம் குணமாகட்டும்', 'எல்லோருக்கும் நடக்கிறதுதான்'. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க அவனுக்குக் காது சுட்டது. போனை மேசை டிராயருக்குள் போட்டு மூடினான்.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. பின்கதவு திறந்திருந்தது. ரொவீனா பெரிய ஃப்ரையரைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஆர்லன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தான். டெல்மர் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த தேய்ப்பானை எடுத்துக்கொண்டு ஃப்ரையருக்குள் தலையை விட்டான். அடியில் ஒட்டியிருந்த கரியை நகத்தால் சுரண்டினான். மத்தியானம் வரைக்கும் மூன்று பேரும் தேய்த்தார்கள்.

"மூக்கைக் கட்டாமத் தேய்க்கிற ஒரே ஆள் நீதான்" என்றாள் ரொவீனா.

ஆர்லன் கைக்குட்டைக்குள் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். டெல்மருக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. இன்னும் உள்ளே தலையை விட்டுக்கொண்டான்.

"சிகாகோ?" என்று ஃப்ரையருக்குள்ளிருந்தே கேட்டான்.

"எடுக்க மாட்டாங்களாம். அந்த அத்தையே போன் பண்ணிச் சொன்னா. நேரா, மூஞ்சிக்கு நேரா சொன்னா." ரொவீனா வாளியைத் தூக்கினாள். "அது எனக்குப் பிடிச்சிருந்துது."

செவ்வாய்க்கிழமை காலை அவன் லாரியைக் கடை எதிரே நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்கவில்லை. கண்ணாடியில் தொங்கின ரப்பர் டோனட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதை இருக்கையில் போட்டுவிட்டு இறங்கி உள்ளே போனான். அவனுடைய ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. அதில் உட்காராமல் கதவோரத்து மேசையில் உட்கார்ந்தான். நெடுஞ்சாலையிலிருந்து வழி தவறி வந்த லாரி டிரைவர் ஒருத்தன் நடுக் கவுண்டரில் காப்பிக்குக் காத்திருந்தான். யாரென்று யாருக்கும் தெரியாது.

முதல் டோனட் வெளியே வந்தது. ரொவீனா காகிதத்தில் வைத்தாள். ஆர்லன் பக்கம் தள்ளினாள்.

ஆர்லன் கடித்தான். "நல்லா இருக்கு."

"மீனையும் நல்லா இருக்குன்னு தின்னவன்தானே நீ" என்றாள். ஆர்லன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கடை முழுக்கப் பார்த்தாள். ஆசிரியை, ஆர்லன், மற்றவர்கள் எல்லோரும் நல்ல முகத்தோடு தயாராக இருந்தார்கள். யார் கடித்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இனி அந்தக் கடையில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் இல்லை. டெல்மர் தன் மேசையிலிருந்த சர்க்கரை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரொவீனா இன்னொன்றை எடுத்து அந்த லாரி டிரைவர் முன்னால் வைத்தாள். "காசு வேண்டாம். சாப்பிட்டுச் சொல்லுங்க."

அவன் கடித்தான். மென்றான். "இனிப்பு தூக்கலா இருக்கு. உப்பு ஒரு சிட்டிகை கூடப் போடலாம். மத்தபடி ஓகே."

கவுண்டரில் எல்லோரும் விறைத்துவிட்டார்கள். ரொவீனாவின் தோள் நிம்மதியில் இறங்கியது. "மீன் வாசம் எதாச்சும்?"

"மீனா? இல்லையே. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா" என்றாள். போய் ஜன்னல் பலகையைத் திருப்பினாள்.

வியாபாரம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவோரத்து மேசைக்கு வந்து டெல்மர் முன்னால் ஒரு காப்பியும் ஒரு டோனட்டும் வைத்தாள். மேசையைத் துணியால் ஒரு தடவை துடைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். கேட்டால் இப்போது உண்மையைச் சொல்லிவிடுவான். இனிப்பு மட்டும் தெரியுது ரோ, வேற எதுவும் தெரியலை என்று சொல்ல வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

அவள் எதுவும் கேட்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

டெல்மர் தொப்பியைக் கழற்றவில்லை. கண்ணையும் மூடவில்லை. மற்றவர்கள் மாதிரியே, ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு தின்று முடித்தான்.